எடுப்பான பல், எடுப்பான முகம்

ஆர்.கே.புரத்தின் அரசுக் குடியிருப்பு ஒன்றில், முன்னறைச் சுவரில் மூன்று தலைமுறைப் பெண்களின் புகைப்படங்கள் அடுத்தடுத்து மாட்டப்பட்டிருக்கின்றன. முதல் படம் அம்மாச்சியுடையது; கும்பகோணத்து ஸ்டுடியோ ஒன்றில் திருமணத்துக்குச் சில நாள்கள் முன்பு எடுத்தது. இரண்டாவது அவருடைய மகளுடையது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புவதற்கென்றே எடுக்கப்பட்டது. மூன்றாவது பேத்தியுடையது, பள்ளி அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். மூன்று படங்களிலும் உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. மூடுவதற்குத் தசை படும் பாடு முகவாயில் சிறுசிறு குழிகளாகத் தெரிகிறது. புதிதாக வருபவர்கள் இதைக் கண்டிப்பான குடும்பம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் மூவருமே எளிதில் சிரிப்பவர்கள். சிரிப்பு வந்ததும் அம்மாச்சியின் வாயை முந்தானை மறைக்கும், அம்மாவின் வாயை உள்ளங்கை மறைக்கும், மகளின் வாயைக் கையில் இருக்கும் புத்தகம் மறைக்கும்.

மூவருக்கும் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் முன்சாய்ந்தவை. இதற்குத் தமிழில் துல்லியமான சொற்கள் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது தெற்றுப்பல், பேச்சில் தெத்துப்பல். வரிசையே முன்தள்ளி நிற்பது எத்துப்பல். இவ்விரண்டையும் நேரே சொல்லக் கூசும் இடங்களில், குறிப்பாகப் பெண் பார்க்கும் இடங்களில், வேறொரு சொல் வந்து உதவுகிறது: "பல்லு கொஞ்சம் எடுப்பு." அதே சொல்தான் பாராட்டாகவும் வழங்குகிறது. எடுப்பான மூக்கு, எடுப்பான முகம், எடுப்பான தோற்றம். மேலெழுந்து தெரிவது மூக்கானால் அழகு, பல்லானால் குறை. சொல் ஒன்று, தீர்ப்பு இரண்டு. எந்த இடத்தில் ஒரு தீர்ப்பு முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதை அகராதி சொல்வதில்லை. பல்சீரமைப்பு மருத்துவம் ஏறத்தாழ 120 ஆண்டுகளாகத் தேடிவருவதும் அந்த எல்லைக்கோட்டைத்தான்.

அம்மா ஓர் அமைச்சகத்தில் பணிபுரிகிறார். அவருடைய படத்தைப் பார்த்து வந்த முதல் மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்தார்கள், பாடச் சொன்னார்கள், கிளம்பும்போது அவர்களுள் மூத்த அம்மாள் ஒருவர் தாழ்வாரத்தில் நின்று தணிந்த குரலில் பேசினார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. பல்லுதான் கொஞ்சம் எடுப்பு." அவர்கள் திரும்பி வரவில்லை. பின்னர் நல்ல இடத்தில் திருமணம் நடந்தது, டெல்லிக்கு வந்தது, பதவி உயர்ந்தது எல்லாம் வேறு கதை. தாழ்வாரத்தில் கேட்ட வாக்கியம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. தன் மகள் அப்படியொரு வாக்கியத்தைக் கேட்க நேரக்கூடாது என்பது அவருடைய தீர்மானம்.

மகளுக்கு வயது 16. அவளுக்கு வேறு காரணங்கள் இருந்தன. டெல்லிக் குளிரில் வாய் திறந்தபடியே உறங்கி, காலையில் நாவும் ஈறும் வறண்டு எழுவாள். வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. இந்தியில் முயலைக் குறிக்கும் சொல். பட்டிமன்ற மேடையில் அவள் பேசத் தொடங்கினால் அந்தப் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. மேடையைவிட்டு இறங்கியதும் அது திரும்பி வரும்.

முதலில் சென்றது தென் டெல்லியின் ஒரு தனியார் சிகிச்சையகம். அங்கே முறைப்படி எல்லாம் நடந்தது. பற்களின் அச்சு எடுக்கப்பட்டது. பக்கவாட்டிலிருந்து மண்டையோட்டின் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. செஃபலோகிராம் என்பது அதன் பெயர். முகத்தின் நிழற்படங்கள் நேரிலும் பக்கத்திலும் எடுக்கப்பட்டன. பின்னர்க் கணினித் திரையில் அவளுடைய பக்கவாட்டு முகம் தோன்றியது. மருத்துவர் மூக்கு நுனியிலிருந்து முகவாயின் முனைக்கு ஒரு நேர்கோடு இழுத்தார். உதடுகள் இரண்டும் கோட்டைத் தாண்டி முன்னே நின்றன. அவை கோட்டுக்குச் சற்றுப் பின்னே இருக்க வேண்டும் என்றார். நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, எலும்பில் சிறு திருகாணிகளைப் பதித்து, அவற்றைப் பிடிமானமாகக் கொண்டு முன்வரிசை முழுவதையும் இயன்ற அளவு பின்னுக்கு இழுப்பது அவருடைய திட்டம். சிகிச்சைக்குப் பின் முகம் எப்படி இருக்கும் என்று கணினி வரைந்த படத்தையும் அச்சிட்டுக் கொடுத்தார்.

அம்மாவுக்குக் கண் நிறைந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் அம்மாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கா. யாருடி இந்தப் பொண்ணு?"

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு உண்மையாகவே அடையாளம் தெரியவில்லை. அன்றிரவு அந்த வீட்டில் சிகிச்சை பற்றிய பேச்சு நின்றுபோனது.

அந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. இன்றைய பல்சீரமைப்பின் தந்தையெனப்படும் எட்வர்ட் ஆங்கிள் என்னும் அமெரிக்கர் 1899இல் பற்கடிப்பின் ஒழுங்கின்மைகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். இன்றும் உலகெங்கும் பல்மருத்துவ மாணவர்கள் கற்பது அந்தப் பகுப்பையே. முகத்தின் அழகுக்கு அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது வாடிகனில் உள்ள அப்போலோ பெல்வெடெரே என்னும் பளிங்குச் சிலையை. எல்லாப் பற்களும் வாயில் இருந்து, மேல்வரிசையும் கீழ்வரிசையும் செம்மையாகப் பொருந்திவிட்டால் முகமும் தானாகவே செம்மையுறும் என்பது அவருடைய கொள்கை. எனவே பல்லைப் பிடுங்குவது அவருக்கு ஏறக்குறையப் பாவம். அவருடைய நண்பரும் ஓவிய ஆசிரியருமான எட்மண்ட் வூர்ப்பெல், எல்லா முகத்துக்கும் பொருந்தும் ஒற்றை அழகு விதி இல்லையென்றும் ஒவ்வொரு முகத்துக்கும் அதற்கேயுரிய சமநிலை உண்டென்றும் கருதியவர். ஓவியரின் அந்தப் பார்வையைவிட மருத்துவரின் விதியே பள்ளிகளில் பரவியது.

ஆனால் முகங்கள் விதிக்குக் கட்டுப்படவில்லை. சிலருக்கு எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டு வரிசையாக்கினால் வாய் முழுவதும் முன்தள்ளிப் போகிறது என்று கால்வின் கேஸ் வாதாடினார். 1911இல் அமெரிக்கப் பல்மருத்துவ உலகில் அதையொட்டி எழுந்த விவாதம் புகழ்பெற்றது. பின்னர் ஆங்கிளின் மாணவரான சார்லஸ் ட்வீடே தம் நோயாளிகளின் முகங்களைக் கண்டு மனநிறைவின்றி, பல் எடுக்காமல் தாம் சிகிச்சை செய்தவர்களுக்கே முன்கடைவாய்ப் பற்களை எடுத்து மீண்டும் சிகிச்சை செய்தார். 1940இல் அவர் அந்த முடிவுகளை முன்வைத்தபின் ஊசல் மறுபக்கம் ஆடியது. அடுத்த சில பத்தாண்டுகளில் பல் எடுப்பது வழக்கமாயிற்று. அதனால் சில முகங்கள் தட்டையாகிப்போயின என்ற குறை எழுந்தபோது ஊசல் மீண்டும் திரும்பியது. இந்த ஊசலாட்டம் முழுவதிலும் பற்களின் தொழில்நுட்பத்தைவிட, 'எந்த முகம் நல்ல முகம்' என்ற கேள்வியே பெரிதாக இருந்தது.

அந்தக் கேள்விக்கு எண்ணில் விடை தேடும் வழி 1931இல் கிடைத்தது. அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தலையை அசையாமல் நிறுத்தி, அளவெடுக்கத்தக்க எக்ஸ்ரே எடுக்கும் முறையை அவ்வாண்டு தனித்தனியே வெளியிட்டனர். 1948இல் வில்லியம் டவுன்ஸ் சிறந்த பற்கடிப்புடைய முகங்களை அளந்து இயல்பு வரம்புகளை வகுத்தார். அவர் அளந்தவர்கள் 20 பேர். 12 முதல் 17 வயதுக்குட்பட்ட வெள்ளையினச் சிறுவர் சிறுமியர். 1953இல் செசில் ஸ்டைனர் தம் அளவீட்டு முறையைத் தந்தார். மூக்கு நுனிக்கும் முகவாய்க்கும் இடையே இழுக்கப்படும் கோடு ராபர்ட் ரிக்கெட்ஸ் தந்தது. அழகியல் கோடு என்றே அதற்குப் பெயர். தென் டெல்லியின் கணினித் திரையில் தோன்றியது அந்தக் கோடுதான்.

இவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. தம் முன்னே இருந்த மக்களை அவர்கள் அளந்தார்கள். அளக்காமல் மனம்போனபடி செய்வதைவிட அது மேலானது. சிக்கல், 'இங்குள்ளவர்களுக்கு இவ்வாறு இருக்கிறது' என்ற கூற்று பயணப்பட்டுச் சென்று, வேறோர் ஊரில் 'இவ்வாறு இருக்க வேண்டும்' என்று ஆகிவிடும்போதுதான் எழுகிறது. இலக்கணம் கற்றவர்களுக்கு இந்த நழுவல் புதிதன்று. ஒரு வட்டாரத்தின் வழக்கை விவரித்து எழுதிய நூல் பிற வட்டாரங்களுக்குச் சட்டமாகி, அவற்றின் பேச்சைப் பிழையென்று அறிவிக்கும் கதை எல்லா மொழிகளிலும் நடந்திருக்கிறது.

அந்தக் கோட்டிலேயே இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. உதட்டின் இடத்தைக் கூறுவதாகத் தோன்றும் அது, உண்மையில் மூன்று உறுப்புகளின் உறவைக் கூறுகிறது. மூக்கு சற்று நீண்டிருந்தால் கோடு முன்னே நகரும். அதே உதடுகள் 'பின்னே' போய்விடும். முகவாய் சற்றுச் சிறுத்திருந்தால் கோடு பின்னே சரியும். அதே உதடுகள் 'முன்னே' வந்துவிடும். குட்டையான மூக்குடைய முகத்தில் பல்லைக் குற்றவாளியாக்குவது எளிது. இந்திய முகங்களை அளந்த ஆய்வுகளும் வந்தன. 1969இலேயே வட இந்தியர் முகங்களைப் பற்றிய அளவீட்டு ஆய்வு ஒன்று வெளியாகியிருக்கிறது. இந்தியர்களின் பற்கள் வெள்ளையின வரம்புகளைவிடச் சற்று முன்சாய்ந்தும் உதடுகள் சற்று நிறைந்தும் இருப்பதைப் பொதுவாக இத்தகைய ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் டெல்லியில் வளரும் கும்பகோணத்து முகத்துக்கு எந்த வரம்பு? தமிழர் முகம் என்ற ஒற்றை முகமும் இல்லை. வரம்புகளை எத்தனை கூறாகப் பிரித்தாலும், இறுதியில் நாற்காலியில் அமர்வது ஒரே ஒரு முகம்.

பொதுமக்களின் கண்ணும் மருத்துவரின் கோடும் ஒத்துப்போகின்றனவா என்பதும் தனிக் கேள்வி. 1970இல் ஹார்வி பெக், ஷெல்டன் பெக் என்னும் இருவர், அழகிப் போட்டியாளர்கள், விளம்பர மாடல்கள், நடிப்புக் கலைஞர்கள் முதலியோரின் முகங்களை அளந்தனர். மக்கள் விரும்பிப் பார்த்த அம்முகங்களில் வாய்ப்பகுதி, அளவீட்டு வரம்புகள் அனுமதித்ததைவிட நிறைந்தும் முன்னெழுந்தும் இருந்தது. புத்தகத்தின்படி சிகிச்சை செய்திருந்தால் அவர்களுள் பலரின் எடுப்பு குறைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் முறை சென்றது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் பல்துறை. நடைகூடத்து நெரிசலில் மூன்று மணிநேரம் காத்திருந்தபின் ஒரு மூத்த பேராசிரியையின் முன்னே அமர முடிந்தது. முதலில் கொண்டுவந்த எக்ஸ்ரேயை அவர் பார்க்கவில்லை. சிறுமியை எழுந்து நின்று எதிர்ச்சுவரைப் பார்க்கச் சொன்னார். தலையை யாரும் பிடிக்காமல், அவள் இயல்பாக நிற்கும் நிலையில் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு உதடுகளைத் தளர்த்தச் சொன்னார். அவள் பழக்கத்தால் இறுக மூடினாள். "மூட வேண்டாம், விட்டுவிடு" என்று மீண்டும் மீண்டும் சொல்லி, கடைசியில் அவள் பெயரையும் ஊரையும் கேட்டுப் பேச்சுக் கொடுத்து, அவள் மறந்திருந்த ஒரு கணத்தில் அளவுகோலை வைத்தார். தளர்ந்த நிலையில் உதடுகளிடையே 6 மில்லிமீட்டர் இடைவெளி. மூடும்போது முகவாய்த் தசை இறுகுவதையும் குறித்துக்கொண்டார். ஓய்வில் எத்தனை மில்லிமீட்டர் பல் தெரிகிறது, சிரிக்கும்போது எவ்வளவு, ஈறு தெரிகிறதா, மேல்வரிசையின் நடுக்கோடு முகத்தின் நடுக்கோட்டோடு சேர்கிறதா, மேலுதட்டுக்கும் மூக்கின் அடிக்கும் இடையே உள்ள கோணம் விரிந்ததா குறுகியதா என்பவை வரிசையாகக் குறிப்பேட்டில் ஏறின. எக்ஸ்ரே அதன்பிறகுதான் விளக்குப்பெட்டிக்குச் சென்றது.

இந்த வரிசைமுறை தற்செயலானதன்று. 1993இல் ஆர்னெட், பெர்க்மன் என்னும் இருவர் எழுதிய கட்டுரைகள், திட்டமிடல் முகத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தின. பற்கடிப்பு என்ன கோளாறு என்பதைச் சொல்லும். அதை எந்த வழியில் சரிசெய்யலாம் என்பதை முகந்தான் சொல்லும். எடுத்துக்காட்டாக, மேல்வரிசை கீழ்வரிசையைவிட 8 மில்லிமீட்டர் முன்னே நிற்கும் இருவரைக் கொள்ளலாம். வாய்க்குள் இருவருக்கும் ஒரே நோய். ஒருவருக்கு மேல்தாடை முன்னே வந்திருக்கிறது; மேற்பற்களைப் பின்னிழுத்தால் முகம் நலம்பெறும். மற்றவருக்கு மேல்தாடை சரியான இடத்தில் இருக்கிறது, கீழ்த்தாடைதான் வளராமல் பின்தங்கியிருக்கிறது. அவருக்கும் மேற்பற்களைப் பின்னிழுத்தால் கடிப்பு பொருந்தும், ஆனால் சரியாக இருந்த மேலுதடும் உள்வாங்கி, மூக்கு மட்டும் நீண்டு நிற்கும். வளரும் வயதாயின் கீழ்த்தாடையின் வளர்ச்சியைத் தூண்டும் கருவி, வளர்ந்த பின்னாயின் அறுவைச் சிகிச்சை என்று அவருக்கு வேறு வழி தேட வேண்டும். அச்சில் வார்த்த பற்களை மட்டும் மேசையில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த இருவரும் ஒருவரே.

பேராசிரியை விளக்கியது சுருக்கமாக இதுதான். சிறுமிக்குச் சிகிச்சை தேவை. கோட்டைத் தாண்டியதற்காகத் தேவையில்லை; உதடுகள் முயற்சியின்றி மூட இயலாததற்காகத் தேவை. வாய் வறண்டால் ஈறும் பல்லும் கெடும். கீழ்வரிசையில் இட நெருக்கடியும் இருக்கிறது. நான்கு பற்களை எடுப்பது தவிர்க்க இயலாதது. எடுத்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். அந்த இடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் இரு திட்டங்களும் பிரிகின்றன. திருகாணி பதித்து முழு இடத்தையும் முன்பற்களுக்கே கொடுத்தால் உதடுகள் கோட்டுக்குள் வரும். திருகாணியின்றி, நெருக்கடிக்குக் கொஞ்சம், பின்பற்கள் முன்நகரக் கொஞ்சம் என்று பங்கிட்டுவிட்டு மீதியை மட்டும் முன்பற்களுக்குக் கொடுத்தால் உதடுகள் நிறைந்தே இருக்கும். ஆனால் முயற்சியின்றி மூடும். பல் பின்வரும் அளவுக்கு உதடு அப்படியே பின்வருவதில்லை. அது ஆளுக்காள் மாறும். எனவே கணினி வரைந்த படத்தை வாக்குறுதியாகக் கொள்ளக்கூடாது. மேலும் மூக்கு இன்னும் சற்று வளரும், வயது ஏற ஏற உதடு மெலியும். இன்று பதினாறில் கச்சிதமாகத் தெரியும் தட்டை முகம் ஐம்பதில் ஒடுங்கிய முகமாகலாம்.

பின்னர் அவர் அம்மாவிடம் கேட்டார்: "எவ்வளவு போதும் என்று நினைக்கிறீர்கள்?" அதற்கு அம்மாவிடம் விடை இல்லை. முப்பது ஆண்டுகளாக அவர் கேட்டுவந்தது 'எப்படிப் போக்குவது' என்ற கேள்வியைத்தான்.

மகளிடம் வேறொரு கேள்வி இருந்தது. கம்பி கட்டினால் 'ழ' சொல்ல வருமா? தமிழறியாத பேராசிரியைக்கு அவள் அந்த ஒலியைச் சொல்லிக் காட்டினாள். அவரும் முயன்று பார்த்தார், முடியவில்லை; அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த முறை அவள் கையில் புத்தகம் இல்லை.

கேள்விக்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. எழுத்துகள் பிறக்கும் இடங்களாக நெஞ்சு, மிடறு, தலை, நாக்கு, அண்ணம், மூக்கு ஆகியவற்றோடு பல்லையும் இதழையும் பிறப்பியல் எண்ணுகிறது. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகாரம்; பல்லுக்கு அங்கே வேலை இல்லை. கம்பி கட்டிய முதல் சில வாரங்களில் தடுமாறக்கூடியவை பல்லை நம்பிய ஒலிகளும் 'ஸ' போன்ற உரசொலிகளுமே. அதே இயல், இதழ் இரண்டும் இயையப் பகரமும் மகரமும் பிறக்கும் என்றும், மேற்பல்லும் கீழிதழும் இயைய வகரம் பிறக்கும் என்றும் பிரித்துக் கூறுகிறது.

பள்ளியில் தமிழாசிரியர் இதை நடத்திய நாளில், சிறுமி வீட்டுக்கு வந்து தன் பட்டிமன்றக் காணொளியைக் கைப்பேசியில் மெல்ல ஓடவிட்டுப் பார்த்திருந்தாள். 'அம்மா' என்று அவள் சொல்லும் இடத்தில் இரண்டு இதழ்களும் சேரவில்லை. கீழிதழ் மேற்பல்லைத் தொட்டுத் திரும்பியது. காதுக்கு வேறுபாடு எதுவும் கேட்கவில்லை. இலக்கணம் சொன்ன இடத்தில் தன் 'அம்மா' பிறக்கவில்லை என்பது அவளுக்கு வருத்தமா வியப்பா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. இது குறை என்பதைவிட, வாய் கண்டுகொண்ட மாற்றுவழி என்பதே சரி. கிடைக்கும் உறுப்பைக் கொண்டு கேட்போர் காதில் அதே ஒலியை எழுப்பிவிடும் திறம் மனித வாய்க்கு உண்டு.

பல்லின் நிலைக்கும் மொழியின் ஒலிக்கும் உள்ள உறவு இதைவிடப் பெரியது என்று கருதும் மொழியியலாளரும் உளர். கடின உணவால் பல் தேய்ந்து மேல்வரிசையும் கீழ்வரிசையும் முனையோடு முனை பொருந்திய சமூகங்களில் பல்லிதழ் ஒலிகள் அரிது என்ற கருத்தை 1985இல் சார்லஸ் ஹாக்கெட் முன்வைத்தார். 2019இல் பிளாசி குழுவினர் 'சயின்ஸ்' இதழில், வேளாண்மைக்குப்பின் உணவு மென்மையாகி மேற்பல் சற்று முன்னே நிற்கும் கடிப்பு முதிர்வயதிலும் நிலைத்ததால் அவ்வொலிகள் பெருகின என்று வாதிட்டனர். விவாதம் முடியவில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளலாம். மேற்பல் கீழ்ப்பல்லைச் சற்றே தாண்டி நிற்பதை இன்று இயல்பு என்கிறோம். அந்த இயல்புக்கும் ஒரு தொடக்கம் இருந்திருக்கிறது.

முடிவெடுக்க ஒரு வாரம் கேட்டிருந்தார்கள். அந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை மூவரும் ஏழாம் செக்டாரின் மலை மந்திருக்குச் சென்றார்கள். குன்றின்மேல் நிற்கும் சுவாமிநாத சுவாமி கோயில் 1973இல் குடமுழுக்குக் கண்டது. உத்தர சுவாமிமலை என்பது அதன் மறுபெயர். தெற்கே இருக்கும் சுவாமிமலை, அம்மாச்சியின் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர். படியேறி இளைப்பாறும்போது அவர் அங்குள்ள ஸ்தபதிகளைப் பற்றிச் சொன்னார். சிறுவயதில் அவர் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர். மெழுகில் உருவம் செய்வதற்குமுன் ஸ்தபதி ஓர் ஓலை நறுக்கை எடுத்து, செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்துப் பங்குகளாக்குவார். ஒடியோலை என்று அதற்குப் பெயர்.

சிற்ப நூல்களின் தாலமானத்தில் முகத்தின் நீளம் 12 அங்குலம். நெற்றிக்கு ஒரு பங்கு, மூக்குக்கு ஒரு பங்கு, மூக்கின் அடி முதல் முகவாய் வரை ஒரு பங்கு என்று மூன்று சம பங்கு. பல்சீரமைப்பு மாணவர்கள் கற்கும் முகப் பகுப்பும் இதே மூன்று சம பங்குதான். வேறுபாடு அளவுகோலில் இருக்கிறது. ஸ்தபதியின் அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. அந்த உருவத்தின் உயரத்திலிருந்தே பெறப்படுவது. தேகலப்த அங்குலம் என்பர். ஒடியோலையை ஒரு சிலையிலிருந்து இன்னொரு சிலைக்குக் கொண்டுபோக முடியாது. எல்லா உருவங்களுக்கும் ஒரே தாலமும் இல்லை. உயர்ந்த தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்றால் பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். அவர் யாருடைய அளவுக்கும் குறைந்தவராக அதனால் ஆகிவிடவில்லை. இதை மிகைப்படுத்தவும் கூடாது. சிற்ப நூலும் விதிநூலே. அது வகுத்தது தெய்வத்தின் முகத்தை, பள்ளி மாணவியின் முகத்தை அன்று. ஆனாலும் அளவு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, அளக்கப்படும் உருவத்திலிருந்தே எடுக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது.

அம்மாச்சி இவ்வளவையும் விளக்கவில்லை. "அந்தந்தச் செலைக்கு அந்தந்த ஓலை" என்று மட்டும் சொல்லி, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

மகளே முடிவைச் சொன்னாள். பல் எடுக்கலாம், திருகாணி வேண்டாம். உதடு தானாக மூட வேண்டும், அவ்வளவு போதும். அம்மா உடனே உடன்படவில்லை. செய்வதைச் செய்கிறோம், முழுதாகச் செய்துவிட்டால் என்ன என்று இரண்டு நாள் வாதாடினார். மூன்றாம் நாள் காலையில் அச்சிட்ட படத்தை எடுத்துத் தன் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டார். சிகிச்சைக்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் ஆகும். அதன்பின்னும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்கத் தாங்கு கருவியை நெடுங்காலம் அணிய வேண்டும். அதற்குள் அவள் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போயிருப்பாள்.

கம்பி கட்டிய நாளில் அவளுக்குச் சகரம் சிதறியது. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் 'மழை', 'வாழை', 'தாழை' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ழகரம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

அன்று மருத்துவமனையிலிருந்து புறப்படுமுன் அம்மா சற்றுப் பின்தங்கினார். மகள் மருந்துச் சீட்டோடு வெளியே போனபின், தாழ்ந்த குரலில் பேராசிரியையிடம் ஒன்று கேட்டார். நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் செய்ய முடியுமா? ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் வயது தடையில்லை என்றார் பேராசிரியை. பிறகு, எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுக்கும் முன், உதடுகளைத் தளர்த்தி நிற்கச் சொன்னார்.

அம்மாவின் கை வழக்கம்போல வாய்க்கு உயர்ந்தது. பாதி வழியில் நின்றது.